கல்பாசியின் குலமும் பெயரும்

ஒரு பொருளின் பெயரை அறிந்த அளவிலே அப்பொருளையே அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுதல் மொழி பயிலும் மாணவர்க்கு எளிதில் நேரக்கூடிய குற்றமாகும். அக்குற்றத்தை யானும் செய்தேன். அதனையும் தனியே இருந்து செய்தேனல்லேன். நம் கல்லூரித் தமிழ் மன்றத்திலே, நாற்பது பேருக்குக் குறையாமற் கேட்டிருக்க, உரத்த குரலிற் செய்தேன். அப்பிழை திருந்திய வரலாற்றையும், அதனை ஒட்டி யான் கற்றுக்கொண்ட சிலவற்றையும் இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு உரைக்க விரும்புகின்றேன்.

சென்ற ஆண்டு மன்றத்தின் முதற் கூட்டத்தில் சொல்லும் பொருளும் என்னும் தலைப்பில் பேசுமாறு பணிக்கப்பட்டேன். ஆதாம் உயிர்களுக்குப் பெயரிட்ட ஆதியாகம வரலாற்றிலே தொடங்கி, உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்துப் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரென வைத்த தொல்காப்பிய மரபியலைக் கடந்து, இறுதியில் அடுக்களைக்கு வந்து சேர்ந்தேன். “நம் வீடுகளில் இறைச்சிக் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியை நோக்குங்கள். கல்லின்மேற் படரும் பாசி என்று, அதன் இடத்தையும் இனத்தையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். மேனாட்டார் நுண்ணோக்கி கொண்டு பின்னர்க் கண்டதனை நம்மவர் வெறுங்கண்ணாலே கண்டனர்” என்று முடித்தேன். கையொலி எழுந்தது. அவ்வொலி எனக்கு மிகவும் இனித்தது என்பதை மறைப்பானேன்?

கடைசி வரிசையில் என் நண்பரொருவர் அமர்ந்திருந்தார். அவர் தாவரவியல் பயில்பவர். அவர் கை தட்டவில்லை. கூட்டம் கலைந்தபின் என்னை மரத்தடிக்கு அழைத்துச் சென்றார். “கல்பாசி கல்லில் மட்டும் வளர்வதன்று, மலைக்காட்டு மரங்களின் பட்டையிலேதான் பெரிதும் வளர்கின்றது. அது பாசியும் அன்று. அவ்வளவோடு நில்லாமல், நீ ஒன்றென்று சொன்ன பொருள் ஒன்றே அன்று. நம்பாவிடின் உன் வீட்டிலிருந்து ஒரு பிடி கொண்டு வா” என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சினங்கொள்ள ஒரு வாய்ப்பேனும் கிடைத்திருக்கும்.

எங்கள் வீடு கோரிப்பாளையத்தில், தர்காவுக்கு அணித்தான ஒரு சிறு சந்தில் உள்ளது. நண்பகலில் அத்தெருக்களிலே நடப்பவர்க்கு உணவுக்கடைகளின் தாளிப்பு மணமே வழி காட்டும். அம்மணத்தில் ஒரு பங்கு கல்பாசியினுடையது. பச்சையாக முகந்தால் மரத்தூளின் வாடைபோல ஒன்று மட்டுமே தோன்றும். சூடான எண்ணெயில் இட்ட பின்னரே அதன் மணம் எழும். மேற்புறம் சாம்பல் நிறமும் கீழ்ப்புறம் கருநிறமுமாகக் கிழிந்த காகிதம்போற் சுருண்டு கிடக்கும் அப்பொருளை அறியாதார் நம் பக்கத்தில் இலர். என்னை வளர்த்தவர் என் அம்மாச்சி. அவர் ஏ. வி. பாலத்தைக் கடந்து கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைக்குச் சென்று வாங்கி வருவதே எங்கள் வீட்டில் ஆண்டு முழுதும் வழங்குவது. அன்று மாலை யான் ஒரு பிடி கேட்டபொழுது, “காலேசுல சமையலும் சொல்லிக் குடுக்குறாகளா ராசா?” என்று வினவிக்கொண்டே, அஞ்சறைப்பெட்டிக்கு அருகிலிருந்த தகரப் புட்டியைத் திறந்து ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் ஆய்வுச்சாலையில் நண்பர் அதில் ஒரு துண்டை நீரில் ஊறவைத்தார். உலர்ந்து நொறுங்கும் நிலையிலிருந்த அது சில நிமிடங்களில் தோல்போல மென்மையுற்று, மேற்புறம் சற்றே பசுமையும் காட்டியது. பின்னர் அதனைச் சவரத் தகட்டினால் மிக மெல்லியதாகக் குறுக்கே சீவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் செய்தார். யான் கண்டது ஒரு வீட்டின் குறுக்குவெட்டுப் போன்றிருந்தது. மேலே இழைகள் நெருங்கிப் பின்னிய கூரை; கீழே கரிய தளம்; நடுவே பஞ்சுபோல் நெகிழ்ந்த வெண்ணிழைகள். கூரையை அடுத்து, அவ்விழைகளின் நடுவில், பச்சை மணிகள்போல உருண்டை உருண்டையான உயிரணுக்கள் வரிசையாகக் கிடந்தன. “இழைகள் யாவும் பூஞ்சை, அப்பச்சை மணிகளே பாசி. பூஞ்சை வீடு கட்டி ஈரத்தையும் காவலையும் தருகின்றது. பாசி கதிரொளியிற் சர்க்கரை சமைத்துப் பூஞ்சையை ஊட்டுகின்றது. இருவரும் கூடிய இக்குடித்தனத்தின் பெயரே லைக்கன்” என்றார் நண்பர். இரசாயன வகுப்பில் யாம் கையாண்ட லிட்மஸ் தாளின் சாயமும் லைக்கன்களிலிருந்து எடுக்கப்பட்டதே என்பதையும் அன்றே அறிந்தேன்.

இவ்வுண்மை மேனாட்டாரும் எளிதில் ஒப்புக்கொண்டதன்று. லைக்கன் என்பது தனியொரு செடியன்று, இரண்டு உயிர்களின் கூட்டு என்று 1867ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் கூறியபொழுது, அத்துறையில் தலைசிறந்து விளங்கிய நைலாண்டர் போன்றோர் அதனை ஏலாது மறுத்தனர். தாம் வாழ்நாளெல்லாம் பெயரிட்டு வகுத்த பொருள் தாம் நினைத்த பொருளன்று என்பதை ஒப்புதல் எவர்க்கும் அரிது. ஒரே ஒரு சொற்பொழிவுக்கே யான் பட்ட பாட்டை எண்ணின், அவர்மேற் குறை கூற எனக்கு வாய் எழவில்லை.

நண்பர் அத்துடன் விடவில்லை. எஞ்சிய கல்பாசியை நனைத்து ஒரு செய்தித்தாளின்மேற் பரப்பினார். ஒரே பொருளென்று இத்தனை காலமும் உண்ட அது நான்காகப் பிரிந்தது. அகன்ற வட்ட இதழ்களின் ஓரத்திலே மாவு தூவியது போன்றிருந்தது ஒன்று. அதனைவிட அகன்று, மேற்பரப்பில் நுண்ணிய முளைகள் நெருங்கியது மற்றொன்று. மேற்பரப்பு முழுதும் வலைபோல் வெள்ளிய வெடிப்புகள் ஓடியது மூன்றாவது. நான்காவதோ இதழ் வடிவமே இன்றி, மான்கொம்புபோலக் கிளைத்த ஒடுங்கிய பட்டைகளாய் நின்றது. இரண்டாவதன் மேற்றோலைச் சுரண்டிச் சலவைத்தூள் கரைசலில் ஒரு துளி இட்டார்; அவ்விடம் குருதிபோற் சிவந்தது. அதிலுள்ள லெக்கனோரிக் அமிலமே அதற்குக் காரணமாம். முதலாவதில் இட்ட துளி நிறம் மாறவில்லை. சந்தையிற் கல்பாசி என வழங்குவது பெரும்பாலும் இத்தகைய கலவையே என்றும், அவற்றுள் முதலாவதற்கே பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்னும் பெயர் உரியது என்றும் கூறினார்.

அப்பெயரின் வரலாறே ஒரு பாடமாக அமைந்துள்ளது. 1762இல் இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஹட்சன் அதனை வெறுமனே லைக்கன் என்னும் பேரினத்தில் வைத்தார். அந்நாளில் லைக்கன்கள் அனைத்துக்கும் அவ்வொரே இல்லம். 1803இல் சுவீடன் நாட்டு அக்காரியஸ் அதனைப் பார்மீலியா என்னும் பேரினத்துக்கு மாற்றினார். 1952இல் பிரெஞ்சு அறிஞர் சுவாசி அதனைப் பார்மோட்ரீமாவுக்கு மாற்றினார். இவ்வாறு இருநூறு ஆண்டுகளுக்குள் அது மூன்று வீடு மாறியது. மாறியது அதன் முகவரியேயன்றி அதுவன்று. இம்மாற்றங்கள் யாவும் கண்ணுக்குத் தோன்றும் வடிவத்தையும், நைலாண்டர் 1866இல் புகுத்திய நிறச்சோதனை போன்ற இரசாயனக் குறிகளையும் சான்றாகக் கொண்டு எழுந்தவை. அண்மைக் காலத்திலோ வேறொரு சான்று வந்து சேர்ந்துள்ளது. அதுவே மரபணுச் சான்று.

நிற்க. மரபணுவைப் பற்றி நண்பர் முதன்முறை கூறியபொழுது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த வாரம் எங்கள் தமிழ் வகுப்பிற் சுவடிப் பதிப்புப் பற்றிய பாடம் நடந்தபொழுதே அது விளங்கியது. உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியை வெளியிடுமுன் பல ஏடுகளைத் தேடி ஒப்பு நோக்கினார் என்பதை யாவரும் அறிவர். ஏடுகள் பலவாயின், எது எதனைப் பார்த்து எழுதப்பட்டதென்று எவ்வாறு துணிவது? ஓலையின் அளவும் எழுத்தின் அழகும் அதற்கு உதவா. ஒரே மூலத்தினின்று ஒருவர் பெரிய ஓலையிலும் மற்றொருவர் சிறிய ஓலையிலும் எழுதக்கூடும். உதவுவது பிழையே. ஓரேட்டில் விடுபட்ட வரி மற்றோரேட்டிலும் அதே இடத்தில் விடுபட்டிருக்குமாயின், அவ்விரண்டும் அவ்வரி இல்லாத ஒரு தாயேட்டினின்று வந்தவை எனக் கொள்ளுதல் தகும். சரியான பாடம் எல்லா ஏட்டிலும் இருக்கலாம். ஒத்த பிழையே உறவைக் காட்டிக்கொடுக்கும்.

உயிர்களின் உடம்பில் உள்ள டி. என். ஏ.யும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஓர் ஏடு. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்பன அவ்வெழுத்துகள். தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படுகின்றது. படியெடுக்குந்தோறும் எங்கேனும் ஓரெழுத்து மாறுகின்றது, அல்லது விடுபடுகின்றது. மாறியது மாறியபடியே வழித்தோன்றல்களுக்குச் செல்கின்றது. பூஞ்சைகளை இனங்காண்பதற்கு அறிஞர் பெரிதும் கையாளும் பகுதி ஐ. டி. எஸ். எனப்படும். புரதம் சமைக்கும் கருவியாகிய ரைபோசோமுக்குரிய மரபணுக்களின் இடையே கிடக்கும் இடைவெளிப் பகுதி அது. உயிர்க்கு இன்றியமையாத பகுதியிற் பிழை நேரின் அவ்வுயிர் நிலைத்தல் அரிது. இடைவெளியில் நேரும் பிழையோ பெரும்பாலும் கேடு செய்யாமையின் அங்கேயே தங்கிவிடுகின்றது. ஆதலின் அண்மை உறவுகளை அறிய அப்பகுதி மிகவும் ஏற்றது. 2012இற் பன்னாட்டு அறிஞர் கூடி அதனையே பூஞ்சைகளுக்குரிய பொது அடையாளமாக முன்மொழிந்தனர்.

லைக்கனில் இதற்கு ஓர் இடர் உண்டு. ஒரு துண்டை அரைத்து டி. என். ஏ.யைப் பிரித்தெடுத்தால் பூஞ்சையின் ஏடும் பாசியின் ஏடும் கலந்தே வரும். மேலே ஒட்டிய வேற்றுயிர்களின் ஏடுகளும் வரக்கூடும். ஒரே கட்டில் இரண்டு நூல்களின் ஓலைகள் கலந்து கிடந்தாற் போன்றது இது. அதற்கென ஒரு சூழ்ச்சி செய்துள்ளனர். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது யாவரும் கேட்டறிந்த பி. சி. ஆர். முறையில், பூஞ்சையின் ஏட்டில் மட்டும் பொருந்தக்கூடிய ஒரு சிறு தொடக்கத் துணுக்கை இடுகின்றனர். அத்துணுக்குப் பொருந்திய இடத்திலிருந்து படியெடுப்பு நிகழ்வதால், பூஞ்சையின் பாடம் மட்டும் கோடிக்கணக்காய்ப் பெருகுகின்றது. பாசியின் பாடம் பெருகாது ஒதுங்கி நிற்கின்றது.

உலகத்தார் யாவரும் காணுமாறு ஜென்பாங்க் என்னும் களஞ்சியத்தில் அறிஞர் சேர்த்து வைத்துள்ள இப்பாடங்களுட் சிலவற்றை நண்பர் தம் கணினியில் எனக்குக் காட்டினார். ஏறக்குறைய ஐந்நூறு எழுத்துகள் கொண்ட வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒத்த எழுத்து ஒத்த நிரலில் நிற்குமாறு அடுக்கப்பட்டிருந்தன. எனக்கு அது பாடபேத அட்டவணையாகவே தோன்றியது. “இவ்விடத்தில் இம்மூன்றும் ஒரே பிழை செய்துள்ளன, இவை ஒரு தாயின் மக்கள் போலும்” என்று யானே விரலால் தொட்டுக் காட்டினேன். நண்பர் வியந்தார், பின்னர் எச்சரித்தார். ஓரிடத்து ஒப்புமையை நம்பலாகாது. இரு வேறு கிளைகளில் ஒரே மாற்றம் தனித்தனியே நேர்தலும் உண்டு. இதுவும் சுவடி பயில்வோர் அறிந்ததே. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். அவற்றால் நேரும் பிழையை எவரும் எங்கும் செய்வர். அது உறவுக்குச் சான்றாகாது. ஆதலின் பல இடங்களையும், இயன்றாற் பல மரபணுக்களையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட்ட பின்னரே குலமரம் வரைகின்றனர்.

இனி, என் அம்மாச்சியின் தகரப் புட்டிக்கு மீள்வோம். அதிலிருந்த மூன்றாவது வகை, வலைபோன்ற வெடிப்புடையது, பார்மோட்ரீமாவில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வலையமைப்பு முதலியவற்றை நோக்கி, 1990இல் ஹேல், பிளெட்சர் என்னும் இருவர் அத்தகையவற்றை ரிமேலியா என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தனர். 2005இல் பிளாங்கோ, கிரெஸ்போ முதலிய அறிஞர் மரபணுப் பாடங்களை ஒப்பு நோக்கியபொழுது, அது பார்மோட்ரீமாவின் கிளைகளுக்கு உள்ளேயே நிற்றலைக் கண்டு மீண்டும் பழைய வீட்டிற் சேர்த்தனர். பதினைந்து ஆண்டுகள் தனிக்குடித்தனம் இருந்து அது தாய்வீடு திரும்பியது. மான்கொம்பு வடிவினதாகிய நான்காவது, 1986 முதல் எவர்னியாஸ்ட்ரம் என்னும் பேரினத்தது எனப்பட்டது. 2013இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, அது ஹைப்போட்ரக்கைனா என்னும் வேறொரு கூட்டத்துள் அடங்குவது என்று காட்டியது. அவ்விரண்டு ஆராய்ச்சிகளிலும் பங்கு கொண்டவர் நம் நாட்டினராகிய பிரதீப் திவாகர் என்பதும், அவர் உப்ரேதி என்னும் லக்னோ அறிஞருடன் இந்தியாவின் பார்மீலியா வகை லைக்கன்களைப் பற்றி 2005இல் நூலெழுதியவர் என்பதும் மகிழ்ச்சிக்குரியன. இந்நாட்டில் லைக்கன் ஆராய்ச்சிக்கு அடிகோலியவர் தரணி தர் அவஸ்தி. 1922இற் பிறந்து 2011இல் மறைந்த அவர் லக்னோ பல்கலைக்கழகத்திலிருந்து இத்துறையை வளர்த்தார்.

தோற்றம் ஏமாற்றுதல் மொழிகளிலும் உண்டு. வடசொற்களின் மிகுதியைக் கண்டு தென்மொழிகள் யாவும் வடமொழியின் மக்கள் என எண்ணியிருந்த காலத்தில், 1816இல் எல்லிஸ் துரையும் 1856இற் கால்டுவெல் ஐயரும் கடன் கொண்ட சொற்களை ஒதுக்கி, வேர்ச்சொற்களையும் இலக்கண அமைப்பையும் நோக்கித் திராவிட மொழிக் குடும்பத்தை நிறுவினர். ஆடையை நீக்கி எலும்பை நோக்கிய செயல் அது. மரபணு ஆராய்ச்சியாளர் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

ஆயினும் குலம், தாய், மக்கள் என்று இவ்வாறு எழுதிக்கொண்டே வருகையில் என் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுந்தது. நம் நாட்டில் ஒருவரைக் கண்ட சிறிது நேரத்திலே ‘நீங்கள் எந்த ஆட்கள்’ என்று கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவ்வினாவை யான் பன்முறை எதிர்கொண்டிருக்கின்றேன்; விடை கூறியபின் எதிரிலிருப்பவர் முகம் மாறுதலையும் கண்டிருக்கின்றேன். பிறப்பைக் கொண்டு வகுப்பதே உண்மையான அறிவு என்று இவ்வாராய்ச்சி கூறுமாயின், அதனை யான் எவ்வாறு மகிழ்ந்து ஏற்பேன்? இதனை நண்பரிடம் வெளிப்படையாகவே கேட்டேன்.

அவர் இரண்டு மறுமொழி தந்தார். குலமரத்தில் இன்று உயிரோடிருக்கும் கிளைநுனிகள் யாவும் வேரிலிருந்து ஒத்த காலம் கடந்து வந்தவையே. அவற்றுள் மேலும் இல்லை, கீழும் இல்லை. யார் யாருக்கு உறவென்பதையன்றி யார் உயர்ந்தவர் என்பதை அம்மரம் கூறாது. இது முதலாவது. இரண்டாவதே என்னைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது. பல்வேறு பூஞ்சைகளின் மரபணுப் பாடங்களை ஒப்பிட்டு 1995இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பாசியோடு கூடி வாழும் இவ்வாழ்வு பூஞ்சையுலகிற் குறைந்தது 5 முறை தனித்தனியே தோன்றியது என்று கண்டது. இன்று ஏறக்குறைய 20,000 லைக்கன்கள் எண்ணப்பட்டுள்ளன. அவையனைத்தும் ஒரே தாயின் மக்களல்ல. எனவே லைக்கன் என்பது ஒரு குலத்தின் பெயரன்று. ஒரு வாழ்க்கை முறையின் பெயர். வெவ்வேறு குலத்திற் பிறந்தோர் ஒரே வாழ்வைத் தழுவிய கூட்டம் அது. திருச்சபை எத்தகையதாய் இருத்தல் வேண்டுமென்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த எனக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்றும் அறிந்தேன். பெயரிடும் விதியின்படி, லைக்கனுக்கு இடப்படும் பெயர் அதன் பூஞ்சைக்கே உரியது. பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்பது அக்கூட்டின் பெயர் போலத் தோன்றினும், உண்மையில் அதன் பூஞ்சையின் பெயரே. பாசிக்குத் திரெபூக்சியா என்னும் பெயர் வேறாக உண்டு; அது வேறோர் ஏட்டில், வேறொரு குலத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. விதிக்குக் காரணம் இல்லாமலில்லை. ஒரு பெயர் ஒரு குலத்தைச் சுட்ட வேண்டுமாயின், இரு குலத்தார் கூடிய குடித்தனத்துக்கு ஒரு பெயர் இடுதல் இயலாது. ஆயினும் நாள்தோறும் ஊட்டுபவர் பெயரில் இடம் பெறவில்லை. என் பெயருக்கு முன்னே நிற்கும் எழுத்து என் தந்தையாருடையது. ஐந்து வயது முதல் எனக்குச் சோறிட்டவர் அம்மாச்சி. பள்ளிச் சான்றிதழிலும் கல்லூரிப் பதிவேட்டிலும் அவர் பெயர் ஓரிடத்தும் இல்லை. இதனை யான் குறையாக எண்ணியதே இல்லை. நுண்ணோக்கியிற் கண்ட அப்பச்சை மணிகளே எனக்கு நினைப்பூட்டின.

இவ்விடத்தேதான் எனக்கு மீண்டும் ஒரு சோதனை வந்தது. அறிவியற் பெயர் பூஞ்சையை மட்டும் சுட்டுகின்றது. நம் கல்பாசி என்னும் பெயரோ பாசியைச் சுட்டுகின்றது. விதி விட்டுவிட்டதனைத் தமிழ்ச்சொல் பற்றிக்கொண்டிருக்கின்றது! அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக் கூறி, “கூட்டுவாழ்வில் ஊட்டுபவர் யாரென்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்” என்று முழங்கினால், இழந்த கையொலியை இருமடங்காக மீட்டுக்கொள்ளலாம் என்று உள்ளம் தூண்டியது. ஓரிரவு முழுதும் அப்பேச்சை மனத்துள்ளே அமைத்தும் விட்டேன். காலையில் அது பொய் என்பது புலப்பட்டது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அம்மணிகளைக் கண்டவர் எவரும் இலர். கல்லிலும் மரத்திலும் ஒட்டிப் படர்ந்து, நனைந்தாற் பசுமை காட்டுவனவற்றை யெல்லாம் பாசி என்பது நம்மவர் வழக்கு. அவ்வழக்கின்படி இதற்கும் அப்பெயர் வந்தது எனக் கொள்வதே நேர்மை. சொல் உண்மையின்மேற் பொருந்தியது தற்செயல். ரகரமும் காலும் ஒத்ததுபோன்ற ஒப்புமை அது. அதனைக் கொண்டு உறவு நாட்டுதல் ஏடு பயில்வோன் செய்யத்தக்கதன்று. தாய்மொழியை நேசிப்பவன் அதற்குப் பொய்ச்சான்று தேடித் தர வேண்டுவதில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில், செயலாளரிடம் ஐந்து நிமிடம் கேட்டுப் பெற்று, முன்பு யான் கூறியவற்றுள் எவையெவை பிழை என்பதை எண்ணிச் சொன்னேன். இம்முறை கையொலி எழவில்லை. கடைசி வரிசையில் மட்டும் ஒருவர் தட்டினார். ஆசிரியர் ஒருவர் வெளியே வந்து, “அந்தச் சுவடி உவமையை விரித்து எழுதித் தா” என்றார். இக்கட்டுரை அவ்வாறு எழுந்ததே.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மாலையில், குழம்புக்கு வேண்டியவற்றை அம்மாச்சி முறத்தில் பரப்பித் தெரிந்துகொண்டிருந்தார். யான் அருகில் அமர்ந்து, அந்தக் கல்பாசியில் நான்கு வகை உண்டென்று பெருமையோடு சொல்லத் தொடங்கினேன். அவர் கை நிற்கவே இல்லை. மான்கொம்பு வகையை மட்டும் தனியே பொறுக்கி ஒரு மூலையில் ஒதுக்கிக்கொண்டிருந்தது அக்கை. வட்ட இதழுடைய மூன்றனையும், வலைவெடிப்புடையது உட்பட, ஒன்றாகவே வைத்திருந்தார். 2005லும் 2013லும் அறிஞர் வகுத்த வகுப்பு அப்படியே எங்கள் முறத்தில் கிடந்தது. என் நெஞ்சு துள்ளியது. “இதனை ஏன் ஒதுக்குகின்றீர்கள் அம்மாச்சி?” என்று கேட்டேன்.

“அது பொடியாது ராசா, நாராக் கிடக்கும், உனக்குப் பல்லுல மாட்டும்” என்றார்.

யான் சிரித்துவிட்டேன். அவர் வகுத்தது குலத்தையன்று. என் பல்லுக்கு ஆவதையும் ஆகாததையுமே வகுத்தார். ஒரே வகுப்பாய் அமைந்தும் இரண்டும் ஒரே அறிவல்ல; இரண்டும் பொய்யுமல்ல. அவர் ஒதுக்கியதில் ஒரு துண்டை எடுத்து மறுநாள் நண்பருக்கென்று தாளில் மடித்து வைத்துக்கொண்டேன். அதன்மேற் பெயர், ஊர், நாள், சேகரித்தவர் என்பவற்றை எழுதுதல் அவர்கள் துறையின் வழக்கமாம். சேகரித்தவர் என்னும் இடத்தில் அம்மாச்சியின் பெயரை எழுதினேன்.